கயலா, கயல்விழியா?

பெண் பிறந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. வீட்டில் எல்லோரும் இப்போதே ‘கயல்’ என்றுதான் கூப்பிடுகிறோம், பதிவிலும் அதையே கொடுத்துவிடலாம் என்பது உங்கள் எண்ணம். ‘கயல்விழி’ என்று முழுப்பெயராகப் பதிவோம், கூப்பிட மட்டும் கயல் இருக்கட்டும் என்கிறார் உங்கள் கணவர். மூன்றெழுத்துப் பெயர் குழந்தைக்குச் சரி, வளர்ந்த பெண்ணுக்கு எடுப்பாக இருக்காது என்று மாமியார் சொல்கிறார். இதுதானே நீங்கள் கேட்டது?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கயல்விழி என்ற பெயர் உங்கள் இருவருக்கும் உண்மையாகவே பிடித்திருந்தால் அதையே பதியுங்கள். உங்களுக்கு அது பிடிக்கவில்லை, கணவரின் மனம் கோணக்கூடாது என்பதற்காகத் தலையாட்டுகிறீர்கள் என்றால் கயல் என்றே பதிந்துவிடுங்கள். இந்த இரண்டில் எதைச் செய்தாலும் உங்கள் மகளுக்குக் கெடுதல் ஒன்றும் வராது. கெடுதல் வரக்கூடிய வழி வேறொன்று இருக்கிறது. பதிவில் ஒரு பெயர், வாயில் அதற்குச் சம்பந்தமே இல்லாத இன்னொரு பெயர் என்று வைத்து, பதிவுப் பெயரைப் பெட்டிக்குள் பூட்டிவிடுவது. அதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

இருபத்தாறு வருடமாகச் சின்னக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறேன். ஒவ்வொரு வருடமும் முதல் நாள் என் கையில் வருகைப் பதிவேடு வரும், முப்பது சொச்சம் பெயர்கள் இருக்கும். முதல் வாரம் முடிவதற்குள் இன்னொரு பட்டியலை நான் மனப்பாடம் செய்தாக வேண்டும். அது எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. அம்மாக்கள் வாசலில் விட்டுப் போகும்போது எந்தப் பெயரைச் சொல்லிக் கையசைக்கிறார்கள் என்று கேட்டுக் கேட்டு நானே சேர்த்துக்கொள்வது.

ஒரு வருடம் பட்டியலைப் படித்துக்கொண்டே வந்தேன். ‘தேன்மொழி’ என்றேன். (குழந்தையின் பெயரை மாற்றியிருக்கிறேன்.) பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டேன். மூன்றாவது வரிசையில் மஞ்சள் ரிப்பன் கட்டிய ஒரு குழந்தை, மற்றவர்களைப் போலவே தலையைத் திருப்பித் திருப்பி, யார் அந்தத் தேன்மொழி என்று தேடிக்கொண்டிருந்தாள். கடைசியில் பக்கத்து வீட்டுப் பையன்தான் எழுந்து சொன்னான்: “இவ பேரு பொம்மி, டீச்சர்.” அவளிடம் போய்க் குனிந்து, “கண்ணா, நீதான் தேன்மொழி” என்றேன். அவள் முகத்தில் வந்தது கோபம் இல்லை, பயம். தன் இடத்தில் வேறு யாரையோ உட்கார வைக்கப் போகிறார்கள் என்று நினைத்துவிட்டாள். நாலு வயதுக் குழந்தை, அம்மாவை விட்டு வந்த முதல் நாள், பெயரும் கையை விட்டுப் போனால் என்ன செய்வாள்? அன்று மதியம் வரை என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டே சுற்றினாள்.

அந்தப் பெற்றோர் செய்த தவறு பொம்மி என்று கூப்பிட்டது இல்லை. அது அன்பான பெயர். தேன்மொழி என்று ஒருநாள்கூடக் கூப்பிடாததுதான் தவறு. அழகான பெயரைத் தேடித் தேடி வைத்துவிட்டு, அதை அவளுக்கே அறிமுகம் செய்யாமல் விட்டுவிட்டார்கள்.

குழந்தைக்குத் தன் பெயர் எப்போது தெரியத் தொடங்குகிறது தெரியுமா? நாம் நினைப்பதைவிட வெகு சீக்கிரம். 1995-ல் வெளியான மண்டல், ஜஸ்சிக், பிசோனி ஆகியோரின் ஆய்வு ஒன்று இருக்கிறது. நாலரை மாதக் குழந்தைகளுக்கு அவர்கள் பெயரையும் வேறு பெயர்களையும் ஒலிபரப்பிப் பார்த்தார்கள். தன் பெயர் வரும்போது குழந்தை கூடுதல் நேரம் காது கொடுத்தது. அதே போல அழுத்தம் விழும் வேறு பெயர்களைக் கேட்டபோதுகூட அவ்வளவு நேரம் கவனிக்கவில்லை. பொருள் தெரியாத வயதில், அது தன்னைத்தான் குறிக்கிறது என்றுகூடத் தெரியாத வயதில், அந்த ஒலி மட்டும் பழகிவிடுகிறது. அப்படிப் பழகுவது சான்றிதழில் இருக்கும் பெயர் இல்லை. தூளி ஆட்டும்போதும் குளிப்பாட்டும்போதும் காதில் விழுகிற பெயர். உங்கள் வீட்டில் அது ஏற்கனவே கயல் ஆகிவிட்டது. அந்த வகையில் பாதி முடிவு எடுத்தாகிவிட்டது, இனி தாளில் என்ன எழுதுவது என்பதுதான் மீதி.

இங்கேதான் உங்கள் கணவர் சொல்வதில் ஒரு நல்ல விஷயம் இருக்கிறது. கயலும் கயல்விழியும் ஒரே செடி. பொம்மி, தேன்மொழி மாதிரி இரண்டு வேறு செடிகள் இல்லை. கயல் என்று கேட்டுப் பழகிய குழந்தை பள்ளியில் ‘கயல்விழி’ என்று கூப்பிட்டால் நிச்சயம் திரும்பிப் பார்ப்பாள், ஏனென்றால் முதல் பாதி அவளுடையது. மற்ற பாதியைப் பாட்டாகப் பாடியே சேர்த்துவிடலாம்.

தமிழ்ப் பெயர்களின் ஒரு குணத்தையும் பார்க்க வேண்டும். ஆங்கிலத்தில் எலிசபெத் என்ற ஒரே பெயரிலிருந்து லிஸ், பெத், பெட்டி, எலிசா, லிசா என்று எத்தனையோ சுருக்கங்கள் வரும். மார்கரெட்டிலிருந்து மெக், மேகி, பெக்கி, ரீட்டா, கிரேட்டா. ஆனால் அந்தத் துண்டுகளில் பலவற்றுக்குத் தனியாகப் பொருள் கிடையாது, மூலப்பெயரை நினைத்துக்கொண்டால்தான் அவற்றுக்கு உயிர். தமிழில் நம் நீளமான பெண் பெயர்களில் நிறைய, இரண்டு சொல் சேர்ந்த கூட்டுச்சொற்கள். வெட்டினால் துண்டும் முழுச்சொல்லாகவே நிற்கும். வெண்ணிலாவை வெட்டினால் நிலா. மணிமேகலையை வெட்டினால் மணி ஒரு பெயர், மேகலை ஒரு பெயர். பூங்குழலியில் குழலி. கயல்விழியில் முன்பக்கம் கயல், பின்பக்கம் விழி.

அதனால் ‘கயல் என்பது வெறும் செல்லப்பெயர்’ என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அது அகராதியில் தலைநிமிர்ந்து நிற்கிற சொல். செல்லப்பெயர் வேண்டுமானால் உங்கள் வீட்டில் அடுத்து வரப்போகும் கயலு, கயலுக்குட்டி, கயலம்மாதான்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். வெட்டினால் பொருள் மாறும். கயல்விழி என்றால் கயல்மீன் போன்ற விழியை உடையவள். கயல் போன்ற விழி என்பது உவமைத்தொகை, அந்த விழியை உடைய பெண்ணைக் குறிக்கும்போது அன்மொழித்தொகை. ‘உடையவள்’ என்ற சொல் வெளியே தெரியாமல் உள்ளே மறைந்திருக்கிறது. கயல் என்று மட்டும் வைத்தால் அந்த மறைந்த பெண் போய்விடுகிறாள், மீன் மட்டும் நிற்கிறது. அதுவும் அழகுதான், துள்ளலான பெயர். ஆனால் அவள் எட்டு வயதில் வந்து “என் பேருக்கு என்னம்மா அர்த்தம்?” என்று கேட்கும்போது நீங்கள் எந்தக் கதையைச் சொல்ல ஆசைப்படுகிறீர்கள்? “மின்னி மின்னித் திரும்புகிற மீன்” என்றா, “மீன் மாதிரித் துறுதுறுவென்று ஓடுகிற கண் உனக்கு” என்றா? இதை நீங்களும் கணவரும் உட்கார்ந்து பேசுங்கள். எந்தப் பெயர் நீளம் என்று சண்டை போடுவதைவிட இந்தப் பேச்சில் சீக்கிரம் தெளிவு கிடைக்கும்.

அடுத்து உங்கள் மாமியார் சொல்வது. வளர்ந்த பெண்ணுக்கு எடுப்பாக இருக்காது என்பது. அவர் பயம் புரிகிறது, அதை ஒதுக்கிவிடாதீர்கள். ஒலிக்கும் மனத்தில் தோன்றும் உருவ அளவுக்கும் தொடர்பு உண்டு என்பதை எட்வர்ட் சப்பீர் என்ற மொழியியலாளர் 1929-லேயே எழுதியிருக்கிறார். மால், மில் என்று பொருளில்லாத இரண்டு சொற்களைச் சொல்லி, இரண்டும் மேசையைக் குறிக்கும், எது பெரிய மேசை என்று கேட்டார். பெரும்பாலோர் மால்தான் பெரியது என்றார்கள். ‘இ’ என்ற ஒலி நமக்குச் சிறியதாகத் தோன்றுகிறது. குட்டி, பொம்மி, சின்னி என்று நம் கொஞ்சல்கள் பலவும் அந்த ஒலியில் போய் முடிவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லிப் பாருங்கள்: கயலில் இந்த ‘இ’ இல்லை. இந்தக் கணக்கில் பார்த்தால் நீளமான கயல்விழியில்தான் கொஞ்சல் ஒலி அதிகம். நீளம் வேறு, எடுப்பு வேறு.

பெயர் எப்படி நிலைக்கும் என்பதை நாம் முடிவு செய்ய முடியாது என்பதற்கு மூன்று பெண்களைச் சொல்கிறேன். எம்.எஸ். சுப்புலட்சுமியை வீட்டில் குஞ்சம்மா என்று கூப்பிட்டார்கள். மேடைக்கு சுப்புலட்சுமி, நெருங்கியவர்களுக்குக் குஞ்சம்மா. அந்த வீட்டுப்பெயர் அவருடைய கௌரவத்தைக் குறைக்கவில்லை. ஸ்டெஃபி கிராஃப் கதை வேறு. ஸ்டெஃபானி என்பது முழுப்பெயர், ஆனால் டென்னிஸ் உலகம் முழுக்க அவரைச் சுருக்கப்பெயரில்தான் தெரியும். 22 கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் பட்டங்களும் அந்தக் கொஞ்சல் பெயரிலேயே நம் நினைவில் இருக்கின்றன. யாருக்காவது அது எடுப்பாக இல்லை என்று தோன்றியதா? மூன்றாவது இன்னும் சுவையானது. இங்கிலாந்து ராணி இரண்டாம் எலிசபெத் சின்ன வயதில் தன் பெயரைச் சொல்ல வராமல் ‘லிலிபெட்’ என்று சொல்ல, குடும்பத்தில் அதுவே நிலைத்துவிட்டது. 2021-ல் அவர் பேரன் ஹாரிக்கும் மேகனுக்கும் மகள் பிறந்தபோது அந்த மழலையையே முறையான பெயராக வைத்தார்கள். வைத்த கையோடு, வீட்டில் கூப்பிடுவது ‘லிலி’ என்றும் அறிவித்தார்கள்.

அந்த மூன்றாவது கதையில் உங்களுக்கு ஒரு செய்தி இருக்கிறது. ‘சுருக்கமாக வைத்துவிட்டால் இரண்டு பெயர்க் குழப்பமே இருக்காது’ என்று பலர் நம்புகிறார்கள். இருக்கும். எவ்வளவு சின்னப் பெயரை வைத்தாலும் வீடு அதையும் சுருக்கும், இல்லையென்றால் அதற்கு ஒரு வால் கட்டும். கயல் என்று பதிந்தாலும் அவளுக்கு இன்னும் இரண்டு பெயர் தானாக வரும். அதனால் இரண்டு பெயர் வேண்டாம் என்பதற்காக மட்டும் சின்னதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அந்தப் பெயர்மேல் ஆசை இருந்தால் தேர்ந்தெடுங்கள்.

நீளமானதைப் பதிவதில் எனக்குப் பிடித்த நன்மை, அவள் கையில் ஒரு தேர்வு கிடைக்கிறது என்பது. உலகமே லிஸ் என்று கூப்பிட்ட ஹாலிவுட் நடிகை எலிசபெத் டெய்லருக்கு அந்தச் சுருக்கம் பிடிக்காது. பிடிக்காதபோது சாய்ந்து நிற்க அவருக்கு முழுப்பெயர் என்று ஒன்று இருந்தது. உங்கள் மகளுக்குப் பதினைந்து வயதில் கயல் அலுத்துப்போகலாம். அப்போது விழி என்று மாற்றிக்கொள்ள, அல்லது முழுதாகவே கூப்பிடச் சொல்ல, புதிதாக எந்தத் தாளும் அவளுக்கு வேண்டாம். கயல் மட்டும் பதிந்திருந்து, அவளுக்குக் கயல்விழி ஆக வேண்டுமென்றால் விண்ணப்பம், ஆதாரம், அலைச்சல். நீளத்தைக் குறைப்பது வாயாலேயே முடியும், கூட்டுவதற்கு அரசாங்கம் வேண்டும். 1989-ல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 7-ஆவது பிரிவு, பிறந்ததிலிருந்தே பெயருக்கான உரிமை குழந்தைக்கு உண்டு என்கிறது. அந்த உரிமையை அவளுக்காக இப்போது நீங்கள் பயன்படுத்துகிறீர்கள். பின்னால் அவள் திரும்புவதற்குக் கொஞ்சம் இடம் விட்டு வைத்தால் நல்லது.

படிவங்களில் இடம் பத்தாது என்ற கவலையை விட்டுவிடுங்கள். பாஸ்போர்ட்டின் அடியில் இயந்திரம் படிக்கும் இரண்டு வரிகள் இருக்கும், வரிக்கு 44 குறிகள். அதில் பெயருக்கு ஒதுக்கியது 39. ஆங்கிலத்தில் எழுதினால் கயல்விழிக்குப் பத்து எழுத்து, கயலுக்கு ஐந்து. குடும்பப்பெயரோ தந்தை பெயரோ சேர்ந்தாலும் தாராளமாக அடங்கும்.

கவலைப்பட வேண்டியது வேறு விஷயத்துக்கு. ஒரே குழந்தைக்கு இரண்டு தாளில் இரண்டு பெயர் ஏறிவிடக் கூடாது. என் தோழி வீட்டில் நடந்தது. பிறப்புச் சான்றிதழில் முழுப்பெயர். பள்ளியில் சேர்க்கப் போன அன்று தாத்தா படிவத்தை நிரப்பினார், வாயில் வந்த வீட்டுப்பெயரையே எழுதிவிட்டார். யாரும் கவனிக்கவில்லை. ஒன்பது வருடம் எல்லா மதிப்பெண் அட்டையும் அந்தப் பெயரில் வந்தது. பாஸ்போர்ட் எடுக்கப் போனபோதுதான், இவர்கள் இருவரும் ஒரே பெண் என்று நிரூபிக்கும் வேலை வந்தது. மூன்று மாதம் அலைந்தார்கள். அந்தப் பெண் என்னிடம், “நான் யாருன்னு எனக்குத் தெரியுது ஆன்ட்டி, தாளுக்குத்தான் தெரியல” என்றாள். அவள் சிரிக்கவில்லை, களைத்துப்போயிருந்தாள். நீங்கள் எதைப் பதிந்தாலும் தடுப்பூசி அட்டை, பள்ளிப் படிவம், வங்கிக் கணக்கு எல்லாவற்றிலும் எழுத்து பிசகாமல் அதுவே இருக்கட்டும். தாத்தா பாட்டியிடமும் சொல்லி வையுங்கள்.

அப்புறம், பெயரை வெறும் தாளில் எழுதிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பெயர் கூப்பிடுவதற்கானது. நம் மொழி கூப்பிடுவதற்கென்றே எட்டாவதாக ஒரு வேற்றுமை வைத்திருக்கிறது, தொல்காப்பியத்தில் விளிமரபு என்று ஓர் இயலே உண்டு. இகரத்தில் முடிந்தால் ஈகாரமாக நீளும், நம்பி நம்பீ ஆகும். ஐகாரம் ஆய் ஆகும், நங்கை நங்காய். அந்த இலக்கணம் நம் வாயில் இன்னும் இருக்கிறது. வாசலில் நின்றுகொண்டு, தெருக்கோடியில் விளையாடும் ஆறு வயதுப் பெண்ணைக் கூப்பிடுவதாக நினைத்து இரண்டையும் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். ‘கயல்விழீ’ நீண்டு போகும், மூச்சு தாராளமாகத் தங்கும். ‘கயல்’ லகரத்தில் முடிவதால் நீட்ட வழி இல்லாமல் வாய் தானாக ஓர் உயிரைக் கடன் வாங்கும்: கயலே, கயலூ. எது உங்கள் வாய்க்கு இதமாக வருகிறது? மெதுவாகக் கூப்பிடும்போது, கோபமாகக் கூப்பிடும்போது, காய்ச்சலில் படுத்திருப்பவளை நள்ளிரவில் எழுப்பும்போது? என் அனுபவத்தில் பல வீடுகளில் கொஞ்சுவதற்குச் சின்னப் பெயர், கண்டிப்பதற்குப் பெரிய பெயர் என்று தானாகவே பிரிந்துவிடுகிறது. அது மட்டும் வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன். முழுப்பெயர் திட்டு வாங்கும்போது மட்டும் காதில் விழுந்தால், அந்தப் பெயரைக் கேட்டாலே குழந்தைக்கு உடல் சுருங்கும். தினமும் ஒரு தடவையாவது சந்தோஷமான நேரத்தில் முழுப்பெயரைச் சொல்லுங்கள். தூங்க வைக்கும்போது சொன்னால் போதும்.

பொம்மி கதையின் மீதியையும் சொல்ல வேண்டும். சில மாதங்களுக்கு முன் பேருந்துக்காக நின்றபோது ஒரு பெண் வந்து கையைப் பிடித்தாள். பதினேழு வயது. கூட வந்த தோழிகள் அவளை ‘மொழி’ என்று கூப்பிட்டார்கள். அது அவளே பத்து வயதில் தேர்ந்தெடுத்ததாம். வகுப்பில் எல்லோருக்கும் சுருக்கப்பெயர் இருக்க, இவள் தன் முழுப்பெயரைப் பிரித்துப் பார்த்து, பின்பாதியை எடுத்துக்கொண்டாள். பொம்மி என்று யாராவது கூப்பிடுகிறார்களா என்று கேட்டேன். “அம்மா மட்டும்தான் டீச்சர். வேற யாரையும் கூப்பிட விட மாட்டேன்” என்றாள். நாலு வயதில் அவளைப் பயமுறுத்திய பெயர்தான் அவளுக்கு இந்தப் புதுப் பெயரைக் கொடுத்திருக்கிறது. கயல்விழி உங்களுக்கும் பிடித்திருந்தால் அதைப் பதியுங்கள் என்று நான் சாய்வதற்கு இவளும் ஒரு காரணம்.

ஆனால் மறுபடியும் சொல்கிறேன், உங்களுக்கும் பிடித்திருந்தால். பத்து மாதம் சுமந்து பெற்ற நீங்கள், மகள் பெயரைப் படிவத்தில் எழுதும்போதெல்லாம் ‘இது நான் வைக்காத பெயர்’ என்று மனம் சுருங்கக் கூடாது. கயல் தனியாகவே நிற்கக்கூடிய பெயர்.

கயல்விழி என்று முடிவானால் பதிவதற்கு முன் ஒரு வேலை. நீங்களும் கணவரும் தனித்தனித் தாளில், ஒருவரையொருவர் பார்க்காமல், அந்தப் பெயரை ஆங்கிலத்தில் எழுதுங்கள். ழகரத்துக்கு ஒருவர் ‘இசட், ஹெச்’ போடுவார், இன்னொருவர் ‘எல்’ போடுவார். ஒருவர் கயலுக்கும் விழிக்கும் நடுவே இடம் விடுவார், இன்னொருவர் சேர்த்து எழுதுவார். இடம் விட்டால் சில படிவங்கள் விழியைத் தனிப்பெயராக எடுத்துக்கொள்ளும், சிலவற்றில் அது குடும்பப்பெயர் ஆகிவிடும். சேர்த்து எழுதுங்கள், ழகரத்துக்கு ‘இசட், ஹெச்’ வையுங்கள், பரவலாக இருப்பது அதுதான். ஒப்பிட்டு ஒன்றை முடிவு செய்து, அந்தத் தாளைப் படம் எடுத்து இருவர் போனிலும் வைத்துக்கொண்ட பிறகு பதிவு அலுவலகத்துக்குக் கிளம்புங்கள்.